எவ்வளவு தடிமன் இருந்தால் ‘கனத்த குழல்’? மேரிலாந்து சட்டமன்றத்துக்கும் மாநிலக் காவல்துறைக்கும் ஒரு திறந்த மடல்

அன்னாபொலிஸில் கூடும் 47 செனட்டர்களுக்கும் 141 பிரதிநிதிகளுக்கும், மாநிலக் காவல்துறையின் உரிமப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் ஏஆர்-15 வகை ரைஃபிள் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் சட்டப்படி நடப்பவரா, இல்லை 3 ஆண்டு வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றவாளியா என்பது, பல சமயம், அந்தத் துப்பாக்கியின் குழல் எவ்வளவு தடிமன் என்பதில் போய் நிற்கிறது. ஆனால் எவ்வளவு தடிமன் இருந்தால் போதும் என்று சட்டத்தில் நீங்கள் எங்கேயும் எழுதவில்லை. மில்லிமீட்டரிலும் இல்லை, அங்குலத்திலும் இல்லை, எடையிலும் இல்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இதே மடல் ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகங்களுக்கும் வரும். தமிழிலும் எழுதக் காரணம், கொலம்பியாவிலும் ஜெர்மன்டவுனிலும் எல்லிகாட் சிட்டியிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இந்தத் துப்பாக்கிகளை நினைத்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டு கூட்டத்திலும் சேர்ந்தவன். இலக்குச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். என் மகள் பள்ளியில் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் ஒடுங்கி உட்காரும் பயிற்சியைச் செய்துவிட்டு வருகிறாள். அதனால் இந்த வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மே 16இல் அப்போதைய ஆளுநர் மார்ட்டின் ஓமாலி நம் மாநிலத்தின் துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார், அக்டோபர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. புதிதாக ஒரு பட்டியலை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தயாரிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அதில் பெயர் இருக்கும் துப்பாக்கிகளை வாங்க விண்ணப்பம் கொடுத்து 7 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 2013இல் அதே பட்டியலை எடுத்து, இதில் இருக்கும் நீளத் துப்பாக்கிகள் எல்லாம் இனி தடை என்று மாற்றினீர்கள். அக்டோபர் 1க்கு முன்பே முறைப்படி வைத்திருந்தவர்கள் மட்டும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டியலில்தான் இந்த வரி இருக்கிறது: கோல்ட் ஏஆர்-15, சிஏஆர்-15, அவற்றின் எல்லாப் போலிகளும், கோல்ட் ஏஆர்-15 ஸ்போர்ட்டர் எச்-பார் ரைஃபிள் நீங்கலாக.

எச்-பார் என்பது கனத்த குழலுக்குக் கோல்ட் நிறுவனம் வைத்த சுருக்கப் பெயர். 7 நாள் காத்திருப்பா இல்லையா என்ற அளவில் இருந்தபோது இந்த ‘நீங்கலாக’ பெரிய விஷயம் இல்லை, ஒருவர் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் முடிந்தது. தடையாக மாறியதும் அந்த ஒரு சொல்லின் இரு பக்கமும் குற்றமும் குற்றமின்மையும் வந்து நின்றுவிட்டன. வரியை மட்டும் யாரும் திருத்தவில்லை.

சரி, விதிவிலக்கில் இருப்பது என்ன? ஒரு நிறுவனத்தின் ஒரு மாடல் பெயர். கோல்ட் இந்த வடிவமைப்பின் உரிமையை ஆர்மலைட்டிடமிருந்து வாங்கியது 1959இல். அதன் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன, இன்று எத்தனையோ நிறுவனங்கள் இதே ரைஃபிளைத் தங்கள் பெயரில் செய்கின்றன. கோல்ட் நிறுவனமே 2019இல் பொதுமக்களுக்கான இத்தகைய ரைஃபிள்களின் உற்பத்தியை நிறுத்திவைப்பதாக அறிவித்தது, பிறகு மறுபடி தொடங்கியது, 2021இல் செக் நாட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. இப்படிக் கைமாறிப் போகும் ஒரு வியாபாரப் பெயரை நம்பி ஒரு குற்றவியல் சட்டத்தின் வரி நிற்கிறது. எழுத்துப்படி பார்த்தால் கோல்ட் செய்த எச்-பார் மட்டும்தான் தப்புகிறது. நடைமுறையிலோ, மற்ற நிறுவனங்களின் கனத்த குழல் ரைஃபிள்களும் மேரிலாந்துக்கு ஏற்ற மாடல் என்று விளம்பரம் செய்யப்பட்டு இங்கே கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுகின்றன. சட்டத்தின் எழுத்துக்கும் நடைமுறைக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பது வாங்குகிறவருக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

2010இல் நம் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஒரு கருத்துரை கொடுத்தது, காவல்துறையும் அதையொட்டி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. ஒரு துப்பாக்கி பட்டியலில் உள்ளதைப் போலத் தோன்றினால் மட்டும் போதாது, அது இயங்கத் தேவையான உட்பாகங்கள் முழுவதுமாக ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தக்கூடியவையாக இருந்தால்தான் அது நகல் என்பது அதன் சாரம். இதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் சோதித்துப் பார்க்கக்கூடிய விதி அது. தோட்டாவைக் குழலின் பின்பக்கம் அடைத்துப் பூட்டும் போல்ட்டை எடுத்து அடுத்ததில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இந்த விதியைக் கனத்த குழல் ரைஃபிள் மீது வைத்துப் பாருங்கள். அதன் போல்ட், போல்ட் கேரியர், டிரிகர், ஹேமர், ஸ்பிரிங் எல்லாமே மெல்லிய குழல் ஏஆர்-15இல் அப்படியே பொருந்தும். அதாவது இந்தச் சோதனைப்படி அது நகல்தான், தடைக்குள் வருவதுதான். அதைக் காப்பாற்றுவது ‘எச்-பார் நீங்கலாக’ என்ற அந்த ஒரு வார்த்தை மட்டுமே. ஆக எல்லாப் பாரமும் போய் விழும் இடத்தில்தான் அளவு இல்லை.

இதே சோதனையின் இன்னொரு பக்கமும் உண்டு. .308 தோட்டாவைச் சுடும் ஏஆர்-10 வகை ரைஃபிளின் உட்பாகங்கள் ஏஆர்-15இல் பொருந்தாது, எனவே அது நகல் இல்லை. அதன் தோட்டா ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலோடு போகிறது, குழல் எப்படி இருந்தாலும் கேள்வி இல்லை.

இனி குழலைப் பற்றி. போட்டிக்காரர்கள் ஏன் கனத்த குழலைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் எதை அளக்க வேண்டும் என்பது புரியும். ஏஆர்-15இன் ராணுவ வடிவமான எம்16இன் பழைய குழல், நாங்கள் பென்சில் குழல் என்று சொல்வது, முன்கைப்பிடிக்குள் மறைந்த பகுதியில் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் விட்டம். 1980களில் மரைன் படை வீரர்களுக்காக எம்16ஏ2 வந்தபோது குழலைத் தடிமனாக்கினார்கள், ஆனால் முன் குறிமுள்ளுக்கு அப்பால் வெளியே தெரியும் பகுதியை மட்டும். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி மெல்லியதாகவே இருந்தது. அதைத்தான் கவர்ன்மென்ட் வடிவம் என்கிறார்கள். எச்-பார் அப்படி இல்லை, கைப்பிடிக்குள்ளேயே தடிமனாக இருக்கும், பலவற்றில் 22, 23 மில்லிமீட்டரைத் தொடும், பிறகு வாயு திரும்பும் இடத்தில், அதாவது சுடும்போது எழும் வாயுவில் கொஞ்சத்தைத் துப்பாக்கியை இயக்கப் பின்னால் திருப்பிவிடும் இடத்தில், 19 மில்லிமீட்டருக்குக் குறையும்.

16க்கும் 23க்கும் 7 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரு குழலின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறும். நடுத் துளையைக் கழித்துக் கணக்குப் போட்டால் 23 மில்லிமீட்டர் குழல் 16 மில்லிமீட்டர் குழலைவிட நான்கு மடங்குக்கு மேல் விறைப்பானது, ஒரே நீளத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் எடை. அவ்வளவு இரும்பு இருப்பதால் சூடேற நேரம் எடுக்கும். மெல்லிய குழல் தொடர்ந்து சுடும்போது சூட்டில் லேசாக இழுத்துக்கொள்ளும், தோட்டா விழும் இடம் நகரும். 300 கெஜத்தில் 70 நொடிக்குள் 10 தோட்டா சுட வேண்டிய சுற்றிலும், 600 கெஜத்தில் நிதானமாக ஒவ்வொன்றாகச் சுடும் சுற்றிலும் இந்த வித்தியாசம் அட்டையில் அப்பட்டமாகத் தெரியும். கனம் அதிகமாக இருப்பதால் தூக்கிக்கொண்டு நடப்பது சிரமம், படுத்துச் சுடுவது சுகம். இந்த விதிவிலக்குக்கு நான் காணும் ஒரே நியாயம் இதுதான்: அது போட்டிக்காரர்களின் துப்பாக்கி.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழல் தடித்தால் தோட்டாவின் வேகம் குறையாது. சுடும் வேகம் குறையாது. மேகசினில் போகும் தோட்டா எண்ணிக்கை மாறாது. ஒரு வகுப்பறையில் அது செய்யக்கூடியது மெல்லிய குழல் செய்யக்கூடியதேதான். இது தெரிந்தும் விதிவிலக்கை வைத்திருக்கிறீர்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், எல்லையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எல்லை எங்கே? எங்கே அளப்பது? கைப்பிடிக்குள் மறைந்த பகுதியிலா, வாயு திரும்பும் இடத்திலா, நுனியிலா? நுனியில் அளந்தால் சாதாரணக் கவர்ன்மென்ட் குழலும் எச்-பாரும் பல நேரம் ஒன்று போலவே இருக்கும். மீடியம் என்ற பெயரில் இரண்டுக்கும் நடுவே குழல்கள் விற்கின்றன, அவை எந்தப் பக்கம்? தடித்த குழலில் நீளவாக்கில் காடி வெட்டி எடையைக் குறைத்திருந்தால் அது இன்னும் கனத்த குழலா? எடைதான் கணக்கென்றால், 16 அங்குல எச்-பாரையும் 20 அங்குலச் சாதாரணக் குழலையும் தராசில் வைத்தால் என்ன சொல்வீர்கள்? கைப்பிடிக்குள் பாதித் தூரம் தடித்து மீதி மெலிந்த குழல்களும் இருக்கின்றன. இவை நான் கற்பனை செய்த கேள்விகள் இல்லை, கடைக் கவுன்டரில் தினமும் எழுகிறவை.

அங்கே என்ன பதில் கிடைக்கிறது? பெரும்பாலும் குழலின் மேல் எச்-பார் என்று முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முத்திரை குத்துவது தயாரிப்பவரின் விருப்பம். ஒரே அளவுள்ள குழலை ஒருவர் எச்-பார் என்பார், இன்னொருவர் ஹெவி என்பார், மூன்றாமவர் ஒன்றுமே பொறிக்காமல் பெட்டியில் மட்டும் எழுதி அனுப்புவார். நான் ஒரு குழலைப் பற்றி ஒரு கடையில் கேட்டபோது முத்திரை இல்லை, தொடமாட்டேன் என்றார்கள். இன்னொரு கடையில் அதே குழலை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துவிட்டு, இது தடிமன்தான், தாராளமாக வாங்கலாம் என்றார்கள். இருவருமே நேர்மையாகத்தான் சொன்னார்கள், இருவருக்குமே தங்கள் உரிமம் போய்விடக் கூடாது என்ற கவலை. சட்டம் சொல்ல வேண்டிய பதிலைக் கடைக்காரர் தன் துணிச்சலுக்கு ஏற்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாங்கிய பிறகும் சிக்கல் தீர்வதில்லை. இந்த ரைஃபிளில் இரண்டு ஊசிகளைத் தள்ளினால் மேல்பாதி குழலோடு கழன்று வந்துவிடும். மத்தியச் சட்டப்படி அந்த மேல்பாதி ஒரு துப்பாக்கியே அல்ல, வெறும் உதிரிபாகம், தபாலில் வரவழைக்கலாம். குழல் தேய்ந்துபோய் வேறு குழல் மாற்றுகிறவர், வந்த பெட்டியில் இருப்பது சட்டம் ஒப்புக்கொள்ளும் தடிமனா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வார்? சாலையில் வண்டியை நிறுத்திப் பார்க்கும் காவலர் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்? அவர் கையில் ஒரு எண் இருந்தால் அளந்து பார்த்து அனுப்பிவிடலாம் அல்லது கைது செய்யலாம். எண் இல்லாதபோது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றுவதுதான் சட்டம். தெளிவில்லாத குற்றச் சட்டத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான், ஆனால் அதற்குள் அவர் கைதாகி, வேலை போய், வக்கீலுக்குச் சேமிப்பைக் கொடுத்து முடித்திருப்பார். விசாவிலோ பச்சை அட்டையிலோ இருக்கிற ஒருவருக்கு ஒரு துப்பாக்கிக் குற்றச்சாட்டு என்னவெல்லாம் செய்யும் என்பதை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எண் வைப்பது உங்களுக்குப் புதிதும் அல்ல. இதே சட்டத்தில் 10க்கு மேல் தோட்டா பிடிக்கும் மேகசின் விற்கக் கூடாது என்று எண் வைத்தீர்கள். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைஃபிளின் மொத்த நீளம் 29 அங்குலத்துக்குக் குறைந்தால் அது தடை செய்யப்பட்ட வகை என்று எண் வைத்தீர்கள். மடக்கும் பின்கட்டை, சுடர் மறைப்பான், குண்டு ஏவும் கருவி, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் தடை என்று எண்ணிப் பார்க்கும்படி எழுதினீர்கள். மத்திய அரசு ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது, எப்படி அளப்பது என்றும் சொல்லியிருக்கிறது: போல்ட்டை மூடிவிட்டு நுனி வழியாக ஒரு கோலை விட்டு, அது முட்டும் இடம் வரை குறித்து எடுத்து அளக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகூட அளந்துவிடும். நீளத்துக்கு இவ்வளவு தெளிவு இருக்கும்போது தடிமனுக்கு ஏன் இல்லை?

மற்ற மாநிலங்களைப் பாருங்கள். நியூ ஜெர்சி பட்டியலில் ஏஆர்-15 இருக்கிறது, கனத்த குழலுக்குத் தனிச் சலுகை இல்லை. நியூயார்க் 2013இல் கொண்டுவந்த சட்டம் துப்பாக்கியில் இருக்கும் அம்சங்களை வைத்து முடிவு செய்கிறது, குழலின் கனத்தை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தச் சட்டங்களோடு உடன்படலாம், சண்டை போடலாம், ஆனால் குழலின் தடிமன் என்ன என்று தெரியாமல் ஒருவர் அங்கே குற்றவாளி ஆவதில்லை.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாம் என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். 2013 முதல் இந்தச் சட்டத்தின் மேல் வழக்குகள் நடந்துகொண்டே இருந்தன. நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் கோல்பி வழக்கில் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ‘நகல்’ என்ற சொல் தெளிவற்றது என்ற வாதத்தையும் அப்போது ஏற்கவில்லை. 2024 ஆகஸ்டில் பியாங்கி வழக்கில் மறுபடி ஏற்றுக்கொண்டது. 2025 ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டது; நீதிபதி கவனா ஏஆர்-15 பற்றிய கேள்வியை விரைவில் நீதிமன்றம் எடுக்க வேண்டும் என்று தனியாக எழுதினார். இத்தனை ஆண்டும் சண்டை, இப்படித் தடை செய்யலாமா கூடாதா என்பதைப் பற்றி. சட்டம் இப்போதைக்கு நிலைத்துவிட்டது. நிலைத்த சட்டத்தில் எந்தக் குழல் தடைக்குள், எந்தக் குழல் வெளியே என்று சொல்ல வேண்டியது நீதிபதிகளின் வேலை இல்லை, உங்களுடையது.

எனவே நான் கேட்பது இதுதான். விதிவிலக்கு இருக்க வேண்டும் என்று நினைத்தால் கோல்ட், ஸ்போர்ட்டர் என்ற பெயர்களை எடுத்துவிட்டு அளவை எழுதுங்கள். குழலில் தோட்டா உட்காரும் அறை முடியும் இடத்திலிருந்து வாயு திரும்பும் இடம் வரை, முன்கைப்பிடியைக் கழற்றிவிட்டு, காலிப்பரால் அளக்கும்போது எந்த இடத்திலும் இத்தனை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று இருக்கட்டும். வெட்டிய காடிகளைக் கணக்கில் சேர்க்காமல் வெளிவிட்டத்தை அளக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். என்னைக் கேட்டால் 19 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம், நியாயமான எல்லை. கவர்ன்மென்ட் குழல் அதில் நிச்சயம் தோற்கும், போட்டிக்கான குழல் நிச்சயம் தேறும். முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அளவுதான் சாட்சி என்று ஒரு வரி போதும், கடைகளின் குழப்பம் அன்றே தீரும்.

தடிமனுக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை, விதிவிலக்கே தவறு என்று நீங்கள் முடிவு செய்தால், அதையும் வெளிப்படையாகச் செய்யுங்கள். அவையில் விவாதித்து, வாக்களித்து, அந்த வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். போட்டிக்காரனாக எனக்கு அது வலிக்கும், அப்பாவாக என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியும். ஆனால் 2013க்குப் பிறகு சட்டத்தையும் கடைக்காரரையும் நம்பி முறையாக வாங்கியவர்களை, அன்று அக்டோபர் 1க்கு முன் வாங்கியவர்களைக் காத்தது போலவே காக்க வேண்டும். ஒருநாள் திடீரென்று உள்விதியை மாற்றிப் படித்து அவர்களைக் குற்றவாளிகள் ஆக்குவதை ஏற்க முடியாது.

காவல்துறையினர் சட்டமன்றத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். விதி வகுக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. ஒரு வரைவை மேரிலாந்து ரெஜிஸ்டர் என்ற மாநில அரசிதழில் வெளியிட்டால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் கிடைக்கும், துப்பாக்கி செய்கிறவர்கள் தங்கள் வரைபடங்களைக் கொடுப்பார்கள், எதிர்க்கிறவர்கள் எதிர்க்கட்டும். சட்டமன்றத்தாருக்கு ஜனவரியில் தொடங்கும் கூட்டத்தொடரில் 90 நாள் இருக்கிறது, அதற்குள் இந்த ஒரு வரியைத் திருத்தும் மசோதாவை நீதிக் குழுக்களின் முன் கொண்டுவாருங்கள். விசாரணை நாளன்று சாட்சி சொல்லக் கூப்பிட்டால் காலிப்பரோடும் வெவ்வேறு குழல்களின் அளவுப் பட்டியலோடும் அன்னாபொலிஸுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
ஹோவர்ட் கவுண்டியில் வசிக்கும் ஒரு தமிழர்